எலுமிச்சம்பழங்கள் நசுங்குவதற்கு

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு கதவுக் கூபே காரின் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, லாரி எஞ்சினைத் திணித்து, மிளகாய்ச் சிவப்பில் பெயிண்ட் அடித்திருந்தார்கள் குமுதவல்லியும் அவள் தம்பி சடையப்பனும். கியர் கம்பியின் கைப்பிடிக்கு அம்மாவின் மோர் மத்து பலியாகியிருந்தது. இன்று ஓடாவிட்டால் காரை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று சொன்ன அம்மாவே கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கேட்டுக்கு வெளியே தெருவே கூடியிருந்தது. எஞ்சின் உறுமியதில் ஜன்னல்கள் அதிர்ந்தன. குமுதவல்லி முதல் கியரைப் போட்டாள். கார் பின்னால் போய்த் துவைக்கிற கல்லில் முட்டி நின்றது. பழங்கள் அப்படியே இருந்தன.

சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, பின் அச்சைத் தலைகீழா மாட்டித் தொலைச்சிட்டேன். மூணு கியரும் பின்னாடிதான் போகும்!"

"அப்ப ரிவர்ஸ்?"

அவன் ஒரு கணம் யோசித்தான். "அது முன்னாடி போகும்க்கா!"

அவள் கியரை மாற்றினாள். பழங்கள் அடுத்தடுத்து நசுங்கின. சாறு அம்மாவின் புடவையில் தெறித்தது. தெரு விசிலடித்தது.

"ஒரே கியரை வெச்சுக்கிட்டு எங்கடி போவ?" என்று அம்மா கத்தினாள்.

"போறதுக்குத்தாம்மா ஒண்ணு. திரும்பி வர்றதுக்கு மூணு இருக்குது!"

அம்மா கற்பூரத் தட்டைச் சடையப்பன் கையில் திணித்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, தன் மத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.