எதைச் செய்யவில்லை?

“இட், இட், இட்! என்ன பிள்ளை இது?”

கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். மனேஜர் கிளறன்ஸ், ரூபிகா ஆங்கிலத்தில் எழுதிய விளக்கக் கடிதத்தை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். மூன்றே வரி, வரிக்கு ஒரு ‘இட்’. தமிழில் சொன்னால்:

‘நான் எப்போதும் அதைச் செய்வேன். புதன்கிழமை அதைச் செய்யவில்லை. அதற்காக வருந்துகிறேன்.’

விசயம் இதுதான். புதன்கிழமை ஒரு வாடிக்கையாளருக்குப் போன ஆங்கிலக் கடிதத்தில் ஏழு பிழை. “பள்ளிக்கூடப் பிள்ளையோ எழுதினது?” என்று அந்த மனுசன் டிரெக்டருக்கே போன் போட்டுவிட்டார்.

எழுதிக் கொடுத்தது கிளறன்ஸ். ரைப் பண்ணி அனுப்பியது ரூபிகா. பிழை யாருடையது என்பதில் கிளறன்ஸுக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில்கூட இங்கிலீஷ் பிழை பிடிக்கிறவர் அவர்.

அடுத்த கிழமை ரூபிகாவின் வேலை நிரந்தரமாக வேண்டும். டிரெக்டர் இந்த விளக்கத்துக்காகத்தான் காத்திருக்கிறார்.

“கேளும். ‘இட்’ எண்டு சொல்லமுதல் என்ன செய்தது எண்டு சொல்லவேணும். பிறகுதான் அந்தச் செயலுக்குப் பதிலா ‘இட்’ வரும். உம்மட வசனம் தலையில்லாத முண்டம் மாதிரி நிக்குது. றமேஷ், உமக்காவது விளங்குதோ?”

“இல்லை சேர்,” என்றான் பக்கத்து மேசை றமேஷ். சிரிப்பை அடக்க அவன் பெரிதாக ஒன்றும் கஷ்டப்படவில்லை.

ரூபிகா எழும்பி வந்தாள். “எனக்கு அது போதும் சேர். அப்பிடியே அனுப்புவம்.”

“என்ர ஒப்பிசிலயிருந்து இப்பிடி ஒரு இங்கிலீஷ் போறதோ? உமக்கு வேலை வேணுமோ, இல்லையோ? எதைச் செய்யேல்லை எண்டு தெளிவா எழுதும்.”

“கட்டாயம் எழுதவேணுமோ சேர்?”

“கட்டாயம்!”

அவள் போய் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடத்தில் புதுக் கடிதம் வந்தது. கிளறன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

‘மனேஜர் எழுதும் கடிதங்களிலுள்ள ஆங்கிலப் பிழைகளை, அனுப்பமுதல் நான் எப்போதும்...’

குரல் நின்றது. மிச்சத்தைக் கண்தான் வாசித்தது. ‘...திருத்துவேன். புதன்கிழமை அம்மாவைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. அதற்காக வருந்துகிறேன்.’

“இப்ப நல்லா விளங்குது சேர்,” என்றான் றமேஷ். “மிச்சத்தையும் வாசியுங்கோவன்.”

கிளறன்ஸ் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணித்தியாலம் கழித்து, டிரெக்டருக்குத் தானே எழுதிய விளக்கத்தோடு வெளியே வந்தார். பிழை கொம்பியூட்டருடையதாம். ரூபிகாவின் வேலையை உடனே நிரந்தரமாக்க வேண்டுமாம்.

அதை அவள் மேசையில் மெதுவாக வைத்து, றமேஷுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“அனுப்பமுதல் ஒருக்காப் பாத்துவிடுங்கோ, பிள்ளை.”