தானாக வந்த காளை

"கறுப்புக் கன்னுக்குத்தான் மாமா சந்தையில விலை. நம்ம வெள்ளை மூஞ்சிச் சிவப்பை எவனும் சீந்தறதில்ல. இந்த வருஷம் ஒரு கறுப்புக் காளை வாங்கியே ஆகணும்," என்றாள் லெனோர்.

"எங்கப்பா சாகறப்ப அவருக்கு வாக்கு கொடுத்திருக்கேன். உசிரு இருக்கறவரைக்கும் கறுப்புக் காளை வாங்க மாட்டேன்!" என்றார் மாமனார் ஹார்லன். மொண்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவர் பிடிவாதம் பிரசித்தம். லெனோரும் விடவில்லை, தினமும் காலைக் காபியோடு அதே பேச்சுதான்.

ஜூனில் ஒருநாள், பக்கத்துப் பண்ணை ரோஸ்கோவின் கறுப்புக் காளை வேலி தாண்டி வந்து இவர்கள் பசுக்களோடு நின்றது. லெனோர் அதைத் துரத்திவிட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினாள். மறுநாளும் வேலி அறுந்து கிடந்தது. ஏழு தடவை கட்டினாள்.

"காளையை அடக்கி வைக்கத் துப்பில்லையாடா?" என்று ஹார்லன் ரோஸ்கோவிடம் எகிறினார்.

அடுத்த மார்ச்சில் பிறந்தவற்றில் பாதிக்கு மேல் தாய்ப் பசுவின் வெள்ளை முகத்தோடு கறுப்புக் கன்றுகள். அக்டோபர் ஏலத்தில் அன்றைய உச்ச விலை அவற்றுக்குத்தான்.

ஏலம் முடிந்து பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டே லெனோர் தயங்கினாள். "மாமா, நான் வேணும்னே வேலியை விட்டுவெச்சேன்னு நினைச்சுடாதீங்க. சத்தியமா ஒவ்வொரு தடவையும் இறுக்கித்தான் கட்டினேன்."

"தெரியும்மா." ஹார்லன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே நீளமாக முள்கம்பித் தழும்பு. "நீ கட்டினதை அறுக்கறதுக்குள்ள என் உசிரே போச்சு. வாங்க மாட்டேன்னுதானே எங்கப்பாகிட்ட சொன்னேன்? தானா வந்தா விரட்டுவேன்னு சொல்லலையே!"