துணியின் மறுமுனை

முறுக்கினாள்.

நீலச் சாயத்தில் ஊறிய நீளத் துணி. ஒரு முனை சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில். இன்னொரு முனை அவள் கையில்.

தரை முழுக்க வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. பிழியப் பிழியச் சாயம் அதில் சொட்டியது, தெறித்தது, ஓடியது.

ஓவியக் கூடத்தில் நல்ல கூட்டம். எல்லார் கையிலும் பழச்சாறு.

முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. அது அவளே வைத்த விதி. கண்ணை உருட்டுவதும் புருவத்தை நெளிப்பதும் போதும் என்றுதான் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். நடப்பது, குனிவது, பிழிவது, உதறுவது. இதெல்லாம் நடனம்தான் என்றாள்.

அதனால் கோபத்துக்குப் போக வேறு இடமில்லை. அத்தனையும் கைக்கு இறங்கியது.

பிழிந்தாள்.

சற்று முன்புதான் வாசலில் அந்த அட்டையைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் ஓவியர் சற்குணத்தின் பெயர். அதற்குக் கீழே, எதைக் கொண்டு செய்தது என்று பொடி எழுத்தில்: நீலச் சாயம், பருத்தித் துணி, காகிதம், உடல்.

அவள் பெயர் எங்கும் இல்லை.

நேரே சற்குணத்திடம் போய்க் கேட்டாள். வந்தவர்களுக்கு வணக்கம் போட்டுக்கொண்டே அவள் தோளில் தட்டினான்.

"உடல்னு போட்டிருக்கேனே பெனி. அது நீதான?"

சிரிக்க வேறு செய்தான்.

உடலாம்.

சாயத்துக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் பிறகு, கடைசியில் அவள்.

இந்த நடனம் பிறந்தது அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் மொட்டைமாடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அறைத்தோழியும் போர்வை பிழிவார்கள். ஆளுக்கொரு முனை. எதிரும் புதிருமாகத் திருகுவார்கள். இறுக இறுகப் போர்வை குட்டையாகும். இருவரும் தாங்கள் அறியாமலே கிட்டக் கிட்ட வருவார்கள். இதற்கு மேல் நடனத்தில் என்ன வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியது.

சபாக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். துணி பிழிவதற்கு எதற்கம்மா மேடை என்றார் ஒரு செயலாளர்.

இடம் கொடுத்தவர்கள் ஓவியர்கள்தான். நாட்டியக்காரர்களுக்குப் பிடிபடாதது அவர்களுக்குப் பிடிபட்டது. மேடை வேண்டாம், பக்கவாத்தியம் வேண்டாம், படம் மாட்டுகிற சுவர் போதும் என்றார்கள். அவள் உருகிப்போனாள். சற்குணம் சாயம் கொண்டுவந்தான், காகிதம் கொண்டுவந்தான். தோழி கல்யாணமாகிப் போனதும் அவள் நின்ற இடத்தில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தான்.

கொக்கி அடித்தவன் முழுவதையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டான்.

அடுத்த மாதம் இது ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே வேறொரு பெண் பிழிவாளாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நீதானே சொன்னாய் என்கிறான்.

துணியை ஓங்கித் தரையில் அடித்தாள். நீலம் சிதறியது.

யாரோ "ஆகா" என்றார்கள்.

சற்குணம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அல்ல. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இதுவரை விழுந்த படங்களிலேயே இதுதான் நன்றாக வந்திருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஆத்திரமும் அவனுக்குத்தான் உழைக்கிறது. காகிதத்தைக் கிழித்தால் அதுவும் ஒரு படம். பாதியில் வெளியே போனால் அதற்கும் கைதட்டுவார்கள். எந்த அசைவும் நடனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். இனி அவள் என்ன செய்தாலும் அவன் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்வான்.

நின்றாள்.

சுவரருகே போய்க் கொக்கியிலிருந்து துணியைக் கழற்றினாள். அந்த முனையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி நடந்தாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

அவனிடம் நீட்டினாள்.

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

சிரித்துப் பார்த்தான். அவள் கையை மடக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி அவன் கோப்பையைத் தானே வாங்கிக்கொண்டாள். அவன் செய்த படைப்பு, அவனே மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பிடித்தான். வெள்ளை ஜிப்பா போட்டிருந்தான்.

அவள் திரும்பி நடந்து தன் முனையை எடுத்தாள்.

திருகினாள்.

அவனுக்குத் திருக வரவில்லை. அவள் திருகிய போக்கிலேயே அவனும் திருகினான். துணி சும்மா சுழன்றது. பிறகு இறுகப் பிடித்தபடி நின்றான். அது போதும். சாயம் அவன் மணிக்கட்டில் வழிந்து ஜிப்பாவின் கைக்குள் இறங்கியது.

மறுபடி திருகினாள்.

துணி குட்டையாயிற்று. அவன் முன்னால் வந்தான். செருப்புக் காலோடு காகிதத்தில் ஏறினான்.

கூட்டத்தில் செல்போன்கள் உயர்ந்தன. எத்தனை அழகு என்று ஒருவர் இன்னொருவரிடம் கிசுகிசுத்தார்.

விட்டால், இத்தனை பேர் முன்னால் தன் படைப்பைத் தானே கெடுத்தவன் ஆவான். விடவில்லை. முறுக்கேறிய துணி அவன் விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. நெற்றியில் வேர்வை.

திருகினாள். வந்தான். திருகினாள். வந்தான்.

இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு முடிச்சளவு துணிதான் இருந்தது.

"போதும் பெனி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முழுப் பேரச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

சுற்றிலும் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

அவள் இன்னொரு சுற்று முறுக்கினாள்.