மோட்டார் மறுபடியும் ஓடல

“மேடம், காவாந்தண்டலம் துரைராஜ் பேசறேன். மோட்டார் மறுபடியும் ஓடல!”

ஜெயப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. “ஐயா, போன வாரம்தானே வந்து சரி பண்ணிட்டுப் போனேன்?”

“பண்ணீங்க. இப்ப போன் அடிச்சா மறுபடியும் கம்முனு கீது. முட்டி வலியோட வரப்புல நடந்து போயி சுவிட்சு போட்டுக்கினு கீறேன். ஒரே பேஜாரா கீது மேடம்.”

உத்திரமேரூர் பஜாரில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் ஜெயப்பிரியாதான் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். வீட்டில் இருந்தபடி செல்போனிலேயே வயல் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி வந்திருக்கிறதே, அதை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை.

“அந்த ஆளுக்குப் பொழுது போவல. உன்னை அலைய வுட்டு வேடிக்கை பாக்கறாரு,” என்று சிரித்தார் முதலாளி ஏகாம்பரம்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. முதல் தடவை மட்டும்தான் நிஜமான பழுது. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒரே கதை. கருவியின் டப்பாவுக்குள் சிக்னல் ஒயர் கழன்று கிடக்கும்.

இன்று போய்த் திறந்து பார்த்தபோதும் அப்படித்தான் கிடந்தது.

“ஐயா, இது தானா கழன்ற மாதிரி இல்லை.”

“எலி ஏதாச்சும் பண்ணியிருக்குமோ?” மோட்டார் கொட்டகை வாசலில் குந்தியிருந்த துரைராஜ் அப்பாவியாகக் கேட்டார்.

“எலி கடிக்கும். ஸ்க்ரூவைத் திருகுமா?”

பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருந்த அவர் மகள் இளமதி களுக்கென்று சிரித்தாள். பிளஸ் டூ முடித்த பெண். ஜெயப்பிரியாவின் கை போகும் இடமெல்லாம் அவள் கண்ணும் போனது.

அந்த நேரம் பார்த்து மோர் சொம்போடு வந்தாள் துரைராஜின் மனைவி கோமளவல்லி. வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“வந்துட்டியா? வயசுப் பொண்ணு, மொட்ட வெயில்ல பைக்கு ஓட்டிக்கினு ஊரு ஊரா சுத்துது. இதெல்லாம் ஒரு பொழப்பா?”

ஜெயப்பிரியா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். வரும்போதெல்லாம் இந்த அம்மாளிடம் இதே பாட்டுதான்.

“சம்பளமாவது ஒழுங்கா தரானுங்களா?”

“தராங்கம்மா. இந்த பைக்கே என் சம்பளத்துல வாங்கினதுதான்.”

“கேட்டியாய்யா? பைக்கு வாங்கிச்சாம்!” புருஷன் பக்கம் திரும்பி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். “அதான் எல்லாத்தையும் மெசினே பாத்துக்குதே, அப்புறம் நீ எதுக்கு?”

இந்த முறை ஜெயப்பிரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அந்த மெஷினை யாரும்மா பாத்துக்கறது? முன்னாடி இந்தக் கொட்டகையில வெறும் சுவிட்சு. கெட்டா நீங்களே தட்டி ஓட்டிப்பீங்க. இப்ப சிம்மு, சென்சாரு, போர்டுன்னு இத்தனை இருக்குது. ஆட்டோமேட்டிக் ஆக ஆக எங்களுக்குத்தான் வேலை அதிகம்.”

துரைராஜ் தலையை ஆட்டினார். “அப்டி சொல்லாதம்மா. என் அக்கா மவன் கலைச்செல்வன் கம்பெனியில போர்டுல ஈயம் உருக்கி சால்டர் வச்சிக்கினு இருந்தான். ரோபோ வந்துச்சு, அவன வூட்டுக்கு அனுப்பிட்டானுங்க. அதைப் பாத்துட்டு எப்டி என் பொண்ண இந்தப் படிப்புல சேக்கறது? ஐடிஐல எலக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா.”

இளமதி தலை குனிந்தாள். டார்ச் வெளிச்சம் தரைக்கு இறங்கியது.

ஜெயப்பிரியா அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்க பயம் நியாயம்தான் ஐயா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யறதை ரோபோ எடுத்துக்கும். ஆனா அந்த ரோபோ நின்னு போச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க ஆள் வேணும். படிச்சதோட நிறுத்தாம புதுசு புதுசா கத்துக்கினே இருக்கணும். நானே இந்த டப்பா வந்தப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டேன்.”

அவள் ஒயரை முடுக்கி, “இப்ப போன் அடிங்க ஐயா” என்றாள்.

அவர் அடித்தார். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது.

அவர் தண்ணீரைப் பார்த்தார். ஜெயப்பிரியாவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“ஐடிஐக்கு எழுதிப் போட நாளைக்கு கடைசி நாளுன்னு சொன்னியே... காலையில கெளம்பி நில்லு. போலாம்.”

“நைனா!” இளமதி கத்திய கத்தலில் வரப்பில் இருந்த கொக்குகள் பறந்துவிட்டன. டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமளவல்லி மட்டும் முகத்தைச் சுளித்தாள். “நல்லா கீது நாயம்! இன்னும் ஒண்ணு பைக்கு எடுத்துக்கினு சுத்தப் போவுது.”

என்ன பொம்பளை இவள், பெற்ற பெண்ணின் சந்தோஷத்தில்கூட இப்படியா என்று நினைத்துக்கொண்டே ஜெயப்பிரியா பையை மூடினாள்.

பைக்கைக் கிளப்பப் போகும்போது, பின்னாலேயே விறுவிறுவென்று வந்தாள் கோமளவல்லி. ஒரு பை நிறைய கத்திரிக்காயை வண்டியில் மாட்டினாள்.

“எதுக்கும்மா இதெல்லாம்? ஆனா ஒண்ணு சொல்றேன். யாரோ வேணும்னே அந்த ஒயரைக் கழட்டறாங்க. கரண்டு சமாச்சாரம், உயிருக்கே ஆபத்து. யாருன்னு பாத்து கண்டிச்சு வைங்க.”

கோமளவல்லி திரும்பி, புருஷன் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

“பயப்படாத கண்ணு, மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டுனேன். பொம்பளப் புள்ள இந்த வேலையில தைரியமா நிக்கிறத அந்த மனுசன் நாலு வாட்டி கண்ணால பாத்து, உன் வாயால கேட்டாத்தான் நம்புவாரு, அதான்!”