வெறும் புள்ளி

“அப்பா வரட்டும்மா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

பையை மூலையில் வீசிவிட்டு, நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் சூர்யகலா. ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியவள், மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போய்விட்டு அப்போதுதான் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள். கண் பரிசோதனையில் தேறவில்லை.

“வேலை போனா போவுதுடி. வேற பாத்துக்கலாம்” என்றாள் அம்மா அம்சவல்லி.

“வேலையை யாரு கேட்டா? எனக்கு செவப்பு, பச்சையைப் பிரிச்சுப் பாக்க வராதாம். ‘பொம்பளப் புள்ளைக்கு இது சும்மா வராதும்மா. அம்மா வழியிலயும் வரணும், அப்பா வழியிலயும் வரணும். உங்கப்பாவுக்கு இது இருந்தே ஆவணும்’னு டாக்டர் அடிச்சு சொல்றாரு. எங்கப்பாவுக்கா? உப்பளத்துல தண்ணி செவந்துடுச்சான்னு ஊரே எங்கப்பாவைக் கூப்பிட்டுத்தான கேக்குது! அப்ப நான் யாருக்குப் பொறந்தேன்?”

இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று அம்சவல்லி பயந்தாளோ, அது இதோ நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மகள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. கலியமூர்த்தி தாலி கட்டியபோதே வயிற்றில் இருந்தவள் இவள். ஏமாற்றிவிட்டு ஓடியவனின் பேரைக்கூட அதற்கப்புறம் அம்சவல்லி வாயால் சொன்னதில்லை. ஏழாம் மாதமே பிறந்துவிட்டது என்று அவளைப் பெற்றவர்கள் ஊரை நம்பவைத்தார்கள். கலியமூர்த்தியும் நம்பிவிட்டான், பாவம்.

“வாயில போட்டேன்னா பாரு! உன் நடை யாரு நடை? புடிச்சா விட மாட்டேங்கிறியே, இந்தப் புடிவாதம் யாருது? அப்பனை உரிச்சு வச்சிருக்குன்னு தெருவே சொல்லுது.”

“புடிவாதம் கூட இருந்தா ஒட்டிக்கும்மா. கண்ணு ஒட்டிக்குமா?”



“இன்னா சத்தம்? தெருமுனை வரைக்கும் கேக்குது” என்றபடி வாசலில் கால் கழுவினான் கலியமூர்த்தி. முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது.

மகள் எழுந்து போய் வழியை மறித்தாள். “அப்பா, எதுவும் கேக்காத. இதுல இன்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லு.”

செல்போனில் ஒரு வட்டம், அதில் நெருக்கமாகப் புள்ளிகள். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்புப் புள்ளிகளாலேயே ஓர் எண். அம்சவல்லிக்கு அது எட்ட இருந்தே தெரிந்தது. அவனுக்கா தெரியாது? பாத்தியில் கட்டிய கடல்தண்ணீர் வெயிலில் முற்றி லேசாகச் சிவக்கும்போதே கண்டுபிடிக்கிற கண்ணாயிற்றே! வாயைத் திறந்து எண்ணைச் சொல்லிவிட்டால் குடும்பம் போச்சு. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கலியமூர்த்தி போனைக் கிட்டே வைத்துப் பார்த்தான், எட்டப் பிடித்துப் பார்த்தான், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பார்த்தான்.

“இன்னாம்மா இது? வெறும் புள்ளியா இருக்குது.”

“நல்லாப் பாருப்பா. உள்ள நம்பர் இருக்குது.”

“நம்பரா? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

சூர்யகலா அடுத்த படத்தைத் தள்ளினாள். “இது?”

“இதுவும் புள்ளிதான்.”

அவள் போனைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டினாள். “நீ சொல்லும்மா. மொதல் படம்?”

“நா... நாப்பத்தஞ்சு.”

“ரெண்டாவது?”

“எழுபத்தெட்டு.”

“எனக்கும் வெறும் புள்ளிதாம்பா!” அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள் சூர்யகலா. அழுகை அடங்கியதும் சந்தேகம் வந்தது. “அப்ப தண்ணி செவந்துடுச்சுன்னு எப்பிடிச் சொல்ற?”

“காலை வச்சா தெரியாதா? தண்ணி கெட்டியாயிட்டா செவந்துடுச்சுன்னு அர்த்தம். வெளிய சொல்லித் தொலைச்சிடாத, அப்புறம் ஒருத்தனும் என்னைக் கூப்பிட மாட்டான்.”

“திருட்டு அப்பா! பொண்ணுக்குக் குடுக்க உனக்கு வேற எதுவுமே கெடைக்கலியா?” என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். “இருக்கட்டும். கலர் பாக்காத வேலை ஒண்ணு வாங்கிக் காட்டல, நான் உன் பொண்ணே இல்ல!”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அம்சவல்லிக்கு இன்னும் நம்ப முடியவில்லை. கல்யாணப் புடவை எடுக்கப் போனபோதும், “கலரெல்லாம் நீயே பாத்துக்கோ” என்றானே, அது இதனால்தானா? ஓடிப்போனவனுக்கும் இந்தக் குறை, கட்டிக்கொண்டவனுக்கும் இதே குறை! இப்படியும் ஒரு தெய்வம் கைகொடுக்குமா? சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, மனசு லேசாகி, மறுபடி அளத்துக்குக் கிளம்பியவன் பின்னாலேயே நடந்தாள்.

வரப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்த கலியமூர்த்தி திரும்பாமலே கூப்பிட்டான்.

“அம்சா.”

“இன்னாங்க?”

“ரெண்டாவது படத்துல இருந்தது எழுபத்தெட்டு இல்ல, எழுபத்தி மூணு. பதட்டத்துல தப்பாப் படிச்சிட்ட.”

அவள் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“தாலி கட்டறதுக்கு முன்னாடியே எனக்கு எல்லாம் தெரியும். அவ என் பொண்ணு, அவ்ளோதான். கண்ணைத் தொடைச்சிக்கினு வா, அதோ அந்தக் கோடிப் பாத்தி நல்லா செவந்துடுச்சு.”