மூடும் தையல்

முதலில் பறிபோனது கோலம். பொங்கல் போட்டியில் போட்டவள் சுவேதா. பரிசு வாங்கியவள் மகளிர் குழுத் தலைவி விஜயராணி.

அடுத்தது மேசை விரிப்பு. சுவேதா வரைந்த துணி, புதுச்சேரி கண்காட்சியில் விஜயராணி பெயரில் தொங்கியது. "நான் சொல்லிக் குடுத்துதானடி போட்ட?" என்று ஊர்ப் பெண்கள் எதிரில் தலைவி கேட்டபோது, சுவேதா பயத்தில் தலையாட்டியும் விட்டாள். பறிக்கிறவர்கள் பறித்தோம் என்று எப்போது சொல்லியிருக்கிறார்கள்? சொல்லிக் கொடுத்தோம் என்பார்கள்.

மூன்றாவது, இந்தப் பை. இதைப் பறித்தவள் சொந்த மாமியார்.

"யார் கேட்டாலும் அத்த போட்ட டிசைன்னு சொல்லு. வேற வார்த்த வாய்லேர்ந்து வந்துது, வூட்டுக்கே வராத" என்றாள் காசம்மாள்.

"அத்த, அது நான்..."

"இன்னா நீ? போன தபா தலையாட்டுன தலதானே இது?"

காசம்மாளுக்குப் பயப்படாதவர் பாகூரில் யார்? நடவுக் கூலிக்காகக் கொளுத்தும் வெயிலில் நடுரோட்டில் படுத்தவள். அவளைக் கண்டால் அதிகாரிகள் எழுந்துகொள்வார்கள், மரியாதையில் அல்ல.

கடலோர மணப்பட்டில் பிறந்த சுவேதா, ஈர மணலில் நண்டு ஓடிய தடத்தைப் போனில் வரைந்திருந்தாள். அதைத் துணியில் அச்சடிக்க வில்லியனூர் கடைக்குப் போனவள் காசம்மாள். டிசைன் போட்டவர் பெயரையும் துணியின் ஓரத்தில் அச்சடித்துத் தருவது அந்தக் கடையின் வழக்கம். துணி சுவேதாவின் கைக்கு வந்தபோது அந்த ஓரம் இல்லை. கத்தரித்திருந்தது.

சுவேதா துணியை விரித்தாள். வெட்டினாள், தைத்தாள், கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டாள், உள்ளே லைனிங் கொடுத்துச் சின்னதாக ஓர் உள்பையும் வைத்தாள். லைனிங்கை மூடும் கடைசித் தையல் மட்டும் மிச்சமிருந்தபோது காசம்மாள் பையைப் பிடுங்கினாள்.

"இத நான் போட்டுக்கறன். நீ போயி ஒலைய வையி."

கத்தரித்த ஓரத் துண்டு மாமியாரின் இடுப்பில் செருகியிருந்தது. பார்த்தும் பாராதவள்போல் சுவேதா எழுந்து போனாள். தைத்து முடித்த பை பெட்டிக்குள் போனது. சாவி மாமியாரின் முந்தானைக்குப் போனது.

பாகூர் சமுதாயக் கூடத்தில் பைகளுக்கான தேர்வு. எடுபடும் பைக்கு டிசைன் போட்டவருக்குப் புதுச்சேரிக் கடையொன்றில் நிரந்தர வேலை. சுவேதா கனவிலும் கேட்டது அந்த வேலைதான். இன்று கூட்டத்தில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டைக் காசம்மாள் பிடித்திருந்தாள், கைதியைப் பிடிப்பதுபோல.

புதுச்சேரிக் கடைக்காரம்மா அருள்மொழி நண்டுத் தடப் பையைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் எங்களுக்கு வேணும். யார் டிசைன் இது?"

விஜயராணி மைக்கைப் பிடித்தாள். "எங்க குழுவுல நான்தாம்மா சொல்லிக் குடுத்து..."

"இன்னா தலைவிம்மா?" காசம்மாள் எழுந்தாள். "எத நீ சொல்லிக் குடுத்த?"

விஜயராணியின் முகம் மாறியது. "ஐயய்ய, இது உன்துவா காசம்மா? எனக்கு இன்னா தெரியும்?"

"அத மைக்குல சொல்லு. அல்லாரும் கேக்கட்டும்."

"எனக்கும் இந்தப் பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. போதுமா? நீயே வச்சிக்க தாயே, ஆள வுடு!"

கூட்டம் சிரித்தது.

அருள்மொழி காசம்மாளைப் பார்த்தார். "அப்ப உங்க டிசைன்தானா?"

இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை. பேசினால் வீடு இல்லை. "அது வந்து... நான்..." என்று சுவேதா எழுந்தேவிட்டாள்.

காசம்மாளின் நகம் மணிக்கட்டில் இறங்கியது. "கம்னு நில்லுடி!"

பிறகு மேடையைப் பார்த்துச் சொன்னாள்: "உள்பைய வெளிய இழுங்கம்மா. கடையில அச்சடிச்ச பேரு அங்க இருக்குது. நீங்க படிக்காதீங்க. தலைவி படிக்கட்டும். மைக்குல."

சுவேதா கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத் துண்டு போன இடம் இதுதான். அதில் மாமியார் பெயர்தான் இருக்கும்; மூன்றாம் முறையும் பறிபோகப்போகிறது, ஊருக்கே கேட்கும்படி.

விஜயராணி உள்பையை இழுத்தாள். தைத்திருந்த துண்டைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். மறுபடி துண்டைப் பார்த்தாள்.

"படி தலைவிம்மா. எழுத்து மறந்துபோச்சா?"

மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. காசம்மாளின் குரல் சுவேதாவின் காதோரம் கேட்டது.

"அவ வாயால வரணும்டி, அப்பதான் நாளைக்கி மாத்த முடியாது. தலைய நிமித்து."

மைக் கரகரத்தது.

"டிசைன்..." விஜயராணி துண்டைக் கிட்டே பிடித்தாள். "டிசைன் போட்டது... சுவேதா."