கழன்ற ஒயர்

“காத்து பட்டா செத்துப்போயிடுவாங்களா மாமா?”

முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்பு, பனி கொட்டிய ஒரு நாளில், ஜன்னல் உடைந்த பேருந்துக்குள் ஒரு குழந்தை கேட்ட கேள்வி அது. அதை இப்போது மெக்கானிக் மிலுட்டினின் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினாள் யெலிகா.

“அது பச்சக் குழந்தை தம்பி, கேட்டுச்சு. நீ தலை நரைச்சவன், பல்லைக் காட்டுறியே!”

அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஏசி போட்டால் அனல் அடிக்கிறது என்று காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். வெளியே பொட்கோரிட்சா நகரம் நாற்பத்தொரு டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. அவன் சோதித்துப் பார்க்கிற வரை, பக்கத்தில் நின்ற அவனுடைய காரில் ஏசி போட்டு அவளை உட்காரவைத்தான். அதே மாடல், அதே வயசு; உள்ளே ஜில்லென்று இருந்தது. அவள் அவசரமாகக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

“கம்ப்ரஸர் போச்சுக்கா. பழைய மாடல், வெளிநாட்டுலேர்ந்து வரணும். அனுப்புறவன் கடையப் பூட்டிட்டுக் கடலுக்குக் குளிக்கப் போயிட்டான். செப்டம்பர்தான். அதுவரைக்கும் ஜன்னலத் திறந்துவிட்டு ஓட்டுங்க.”

“ஜன்னலா? குறுக்குக் காத்து அடிச்சா என் புருஷன் செத்தே போயிடுவார்!” என்று, குறுக்குக் காற்று ஆளையே கொல்லும் என்று நம்பும் அந்த ஊர்ப் பெரியவர்களைப் போல அவள் பதறியபோதுதான் அவன் சிரித்தான்.

அவள் கணவன் வூகோட்டாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. நாளை மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மலைமேல் இருக்கும் ஜபல்யாக்குக்கு மூன்று மணி நேரம் போகவேண்டும். சூடு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கோடை முழுக்க வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு வேறு கூட்டிவர வேண்டும்.

“ஏசிக் காத்தக் கால் பக்கம் திருப்பிக்கலாம். ஜன்னல் காத்து சொன்னபடி கேக்குமா? அன்னிக்கு அந்த பஸ்ஸ ஓட்டினது அவர்தான். கோட்டக் கழட்டிக் குழந்தைக்குச் சுத்திவிட்டார். ‘உங்களுக்கு மாமா?’ன்னு அது கேட்டதுக்கு, ‘என்னோடது கரடித் தோலு, எனக்கு ஒண்ணும் ஆகாது’ன்னாராம். அப்புறம் நிமோனியா வந்து நாப்பது நாள் படுத்துக் கிடந்தார்.”

மிலுட்டின் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஸ்பேனரைத் துணியால் துடைத்தான்.

“யார்கிட்டயாவது நல்ல வண்டியா வாங்கிட்டுப் போங்களேன்.”

“அவரா? அடுத்தவங்ககிட்ட ஒரு தீப்பெட்டிகூட சும்மா வாங்கமாட்டார். வாங்கினா அன்னிக்குத் தூங்கமாட்டார்.”

“சரி சரி, கதை போதும்கா. எனக்கு வேலை கிடக்கு. அஞ்சு மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்கோங்க” என்று தலையை அவள் கார் இன்ஜினுக்குள் நுழைத்துக்கொண்டான்.

பெரிய மனுஷியை இப்படியா விரட்டுவது? மனம் கசந்தபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

“வண்டி சரியாச்சா?” என்று படுக்கையிலிருந்து கேட்டார் வூகோட்டா. உதடு வெளுத்திருந்தது.

“ஆச்சு, ஆச்சு” என்றாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதாள். மூடினால் வெக்கை, திறந்தால் காற்று. அவரை எப்படித்தான் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது? எதிரே இருந்த தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். என்ன கேட்பதென்றே தெரியாமல் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள்.

ஐந்து மணிக்கு அவள் காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தாள். விரல் விறைக்கிற குளிர்.

“என்ன பண்ணினே?”

மிலுட்டினின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முழங்கை வரை கிரீஸ்.

“ஒண்ணுமில்லக்கா. ஒரு ஒயர் கழண்டிருந்துச்சு, மாட்டிவிட்டேன்.”

“ஒயரா? கம்ப்ரஸர் போச்சு, செப்டம்பர் ஆகும்னியே! வயசானவளாச்சே, நல்லாக் கறக்கலாம்னு பாத்தியா? நான் இன்னிக்கு அழுத அழுகை உனக்குத் தெரியுமா?”

“தப்புதான்கா. சரியாப் பாக்கல.”

“எவ்வளவு?”

“ஒரு காபிக் காசு குடுங்க போதும்.”

நாணயங்களை மேஜைமேல் அறைந்தாற்போல் வைத்தாள். “மேல ஒருத்தன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கான். ஞாபகம் வச்சுக்கோ!”

“இருக்கட்டும்கா. மெதுவாப் போங்க” என்றான் அவன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கும் தார்ச்சாலை கொதித்தது. மிலுட்டின் கடையைப் பூட்டிக்கொண்டு, சேர்ந்து வீட்டுக்குப் போக வந்த மனைவி ஸ்டானாவோடு தன் காரில் ஏறினான். அவள் வழக்கம்போல ஏசியைத் திருகிவிட்டு முகத்தை நீட்டினாள்; சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க இது, அனலா வருது? காலையில நல்லாத்தானே இருந்துச்சு! இந்த வெயில்ல தினமும் ஓட்டுறீங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுது!”

மிலுட்டின் நான்கு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான்.

“என்னோடது கரடித் தோலு, ஸ்டானா. எனக்கு ஒண்ணும் ஆகாது.”